தோல்வியும் வழக்கும் உள்ள பிள்ளை மருத்துவம் படிக்க முடியுமா?

பிளஸ் டூ, நீட் முடிவுகள் வெளியாகும் நாட்களில் இமாம்களிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் பெற்றோர்கள் ஆலோசனை கேட்டு வருவது வழக்கமாகிவிட்டது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையின் பெற்றோர் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்கள். கூட்டம் கலையும் வரை காத்திருந்து தனியாக வந்து கேட்பவர்களும் உண்டு. “பையன் ரெண்டு வருஷத்தை வீணாக்கிட்டான் ஹஜ்ரத். ஸ்டேஷன்ல ஒரு கேஸும் இருக்கு. இப்பத் திருந்திட்டான், டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்றான். அதெல்லாம் நடக்குமா?”

இந்தக் கேள்விக்கு நம் மஹல்லாக்களில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, “கேஸ் இருந்தா கவர்மென்ட்ல எதுவும் கிடைக்காது, பேசாம வெளிநாட்டுக்கு அனுப்பிடுங்க” என்பது. மற்றொன்று, “ஆள் இருக்கு, காசு கொடுத்தா பேப்பரெல்லாம் சரி பண்ணிடலாம்” என்பது. முதல் பதில் திறந்திருக்கும் கதவைப் பூட்டியிருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது பதில் அந்தக் கதவை உண்மையாகவே பூட்டிவிடுகிறது. சட்டம் நாம் நினைப்பதைவிடக் குறைவான வழிகளைத்தான் அடைத்திருக்கிறது. அவை எவை என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

படிப்பில் ஏற்பட்ட பின்னடைவு

முதலில் படிப்பைப் பார்ப்போம். இதில் சிக்கல் குறைவு. நீட் எழுத பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் தேர்ச்சி வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் எடுத்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்பும் இப்போது இல்லை. 2020-ல் ஒடிசாவில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 64 வயதுக்காரர் ஒருவர் நீட் எழுதி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 21 வயதுப் பிள்ளையைப் பார்த்து “வயசு போச்சு” என்று பெருமூச்சு விடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

தமிழ்நாட்டில் மருத்துவக் கலந்தாய்வுக்குத் தரவரிசை போடுவது நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். பிளஸ் டூவில் தேவையான விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், 45 எடுத்தவரும் 95 எடுத்தவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். முதல் முறை தோற்றுத் துணைத்தேர்வில் தேறியது தரவரிசையில் ஒரு குறையாக எண்ணப்படுவதில்லை.

மாணவர் அறிவியல் பாடப்பிரிவே எடுக்கவில்லை என்றால்? வணிகவியல் படித்துவிட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு முன்பு வழியில்லாமல் இருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட அறிவிப்பு அதை மாற்றியது. பிளஸ் டூ முடித்த பிறகு, அங்கீகாரம் பெற்ற வாரியம் ஒன்றில் தேவையான பாடங்களைக் கூடுதல் பாடங்களாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம். பள்ளியை இடையில் விட்டவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதில் ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. படிப்பு தடைபட்டுச் சிறையிலோ சிகிச்சை மையத்திலோ காலம் கழிந்த பிள்ளைக்கு இது பெரிய நிஃமத்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அந்தத் தொடர்ச்சியை விட்டுவிட்டு வேறு வாரியத்துக்கு மாறுவதற்கு முன், பழைய பள்ளியிலேயே தேறிவிட முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுவது நல்லது. கோபத்தில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நம்மில் அதிகம்.

சாதிச் சான்றிதழிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டில் நமக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உண்டு. அதற்குப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சான்று தேவை. அகில இந்திய ஒதுக்கீட்டில் உள்ள 27 விழுக்காடு ஓ.பி.சி. இடங்களுக்கு மத்திய அரசு படிவத்தில் தனிச் சான்று வாங்க வேண்டும். அதில் வருமான வரம்பும் உண்டு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதற்கும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

இனி கசப்பான கணக்கு. 2025-ல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் அதிகம். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் அதிகம். நாடு முழுவதும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. “தகுதி பெற்றுவிட்டான்” என்று இனிப்பு கொடுப்பதற்கும் இடம் கிடைப்பதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. மனம் திருந்தியவனுக்கும் 180 கேள்விகள்தான். தவறான விடைக்கு அவனுக்கும் ஒரு மதிப்பெண் கழியும். இடம் கிடைத்த பிறகும் முதலாண்டுத் தேர்வை நான்கு முயற்சிகளுக்குள் முடிக்க வேண்டும், முழுப் படிப்பையும் ஒன்பது ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2023 விதிகள் சொல்கின்றன. பழைய படிப்புப் பழக்கத்தோடு உள்ளே போனால் அங்கே பொறுத்துக்கொள்ள ஆள் இல்லை.

வழக்கு எந்த நிலையில் இருக்கிறது?

“கேஸ் இருக்கு” என்பது ஒரு பதிலே கிடையாது. எப்.ஐ.ஆர். போட்டதோடு நிற்கிறதா, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, நீதிமன்றத்தில் நடக்கிறதா, சமரசமானதா, விடுதலையா, தண்டனையா, அப்போது பிள்ளையின் வயது என்ன? இத்தனையும் தெரிந்தால்தான் பேச முடியும். நம்மிடம் வருகிற பெற்றோரில் பலருக்குக் குற்ற எண்கூடத் தெரிவதில்லை. “அது அப்பவே முடிஞ்சு போச்சு” என்று இன்ஸ்பெக்டர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முடிந்தது என்றால் அதற்கு ஒரு தாள் இருக்கும். அந்தத் தாளின் சான்றிட்ட நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

நீட் தகுதி விதிகள் வயது, பாடம், மதிப்பெண் ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. எவன்மீதாவது வழக்கு இருந்தால் அவன் மருத்துவம் படிக்கவே கூடாது என்ற பொதுவான தடை அவற்றில் இல்லை. ஆனால் குறிப்பிட்ட சில இடங்களில் கடந்த காலம் குறுக்கே வரும்.

சம்பவம் நடந்த நாளில் பிள்ளைக்கு 18 வயது நிறையவில்லை என்றால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அவனுக்குப் பெரிய பாதுகாப்பு. கடந்த காலத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வழிவிடுவதை அந்தச் சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. அதன் 24-வது பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட சிறுவனுக்குத் தண்டனையால் வரக்கூடிய எந்தத் தகுதியிழப்பும் கிடையாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு ஆவணங்கள் அழிக்கப்பட வேண்டும். 74-வது பிரிவு, முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடக் காவல்துறை வெளியிடக் கூடாது என்கிறது. 16 வயதைத் தாண்டியவர் கொடிய குற்றம் செய்து, பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று முடிவான நேர்வுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. மற்ற பிள்ளைகளின் பெற்றோர் இளைஞர் நீதிக் குழுமத்தின் இறுதி உத்தரவைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். எத்தனையோ குடும்பங்கள், சட்டமே மறந்துவிட்ட ஒன்றைத் தாங்கள் மறக்காமல் பிள்ளையின் தலையில் சுமத்திக்கொண்டிருக்கின்றன.

18 வயதுக்குப் பிறகு நடந்தது என்றால் கணக்கு வேறு. இங்கே நம் வாலிபர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. சிறு வழக்கில் நீதிமன்றத்துக்கு அலைய முடியாமல், “ஒப்புக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு” என்று யாரோ சொல்ல, அப்படியே செய்துவிடுகிறார்கள். அபராதம் கட்டிவிட்டதால் வழக்கே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் குற்றத் தீர்ப்புதான். பின்னாளில் ஒரு படிவம் “எப்போதாவது தண்டிக்கப்பட்டீர்களா?” என்று கேட்டால் அதற்கு “ஆம்” என்றே எழுத வேண்டியிருக்கும். ஆகவே முதல் வாய்தாவுக்கு முன்பே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். சிறு அடிதடி போன்ற பல குற்றங்களில், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமரசமாக முடிக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. அப்படி முடிந்தால் அது விடுதலைக்குச் சமம். ஆதாரமே இல்லாத வழக்கை உயர்நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கோரலாம். குற்றம் உறுதியானாலும், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்குமாறு கேட்கலாம். 21 வயதுக்கு உட்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்புவதைக் கூடிய மட்டும் தவிர்க்குமாறு அந்தச் சட்டம் நீதிபதிகளுக்குச் சொல்கிறது. அப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என்று அதன் 12-வது பிரிவு கூறுகிறது.

போராட்ட வழக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்றதற்காக வழக்கு வாங்கிய பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அந்த வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. அறிவிப்பு வந்த செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. வழக்கைத் திரும்பப் பெற அரசு வழக்கறிஞர் மனுச் செய்து, நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். தன் பெயர் உள்ள வழக்கில் அது நடந்துவிட்டதா என்று ஒவ்வொருவரும் நீதிமன்ற இணையதளத்திலோ வழக்கறிஞர் மூலமாகவோ பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கதவை உண்மையிலேயே மூடக்கூடிய ஒரு குற்றமும் இருக்கிறது. அது ராகிங். 1996-ல் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, தமிழ்நாடு அரசு 1997-ல் ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி தண்டனை பெற்ற மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார்; வேறெந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. கல்லூரியில் சேரும்போது, ராகிங் காரணமாக எங்கும் நீக்கப்படவில்லை என்று மாணவர் உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பொறியியல் கல்லூரியிலோ கலைக் கல்லூரியிலோ படித்தபோது இப்படி ஒரு புகாரில் சிக்கியவர், அதன் முடிவு என்ன என்று எழுத்தில் வாங்காமல் நீட் பயிற்சிக்குப் பணம் கட்டக் கூடாது.

பாஸ்போர்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “இங்கே முடியாவிட்டால் ஜார்ஜியா, கிர்கிஸ்தான்” என்று ஏஜென்டுகள் சொல்கிறார்கள். நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம் என்று 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவு பெற்றால் குறிப்பிட்ட காலத்துக்குப் பாஸ்போர்ட் பெற 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று வழி செய்கிறது. ஏஜென்டிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் படிக்கவும் நீட் தகுதி தேவை. படித்துவிட்டு வந்தவர் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில், அண்மை ஆண்டுகளின் பல அமர்வுகளில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. இந்தியாவில் படிப்பில் தடுமாறிய பிள்ளை, மொழி தெரியாத நாட்டில் தானாகத் தேறிவிடுவான் என்று வீட்டை விற்று அனுப்புவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

யூசுஃப் நபியின் நிதானம்

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் நாம் வேகமாகக் கடந்துவிடும் ஓர் இடம் இருக்கிறது. கனவுக்கு விளக்கம் சொன்ன பிறகு, அவர்களைச் சிறையிலிருந்து அழைத்துவர மன்னர் ஆள் அனுப்புகிறார். எத்தனையோ ஆண்டுகள் சிறையில் இருந்தவர்கள், கதவு திறந்திருக்கிறது. ஆனால் அவர்கள் உடனே கிளம்பவில்லை. வந்த தூதரைத் திருப்பி அனுப்பி, கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயம் என்ன என்று மன்னரை விசாரிக்கச் சொல்கிறார்கள். விசாரணை நடக்கிறது, உண்மை வெளிவருகிறது, அதன் பிறகே வெளியே வருகிறார்கள். நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெறுவது அதற்கும் பிறகுதான். ஸூரா யூசுஃபின் 50 முதல் 55 வரையிலான வசனங்களை இந்தக் கோணத்தில் ஒருமுறை ஓதிப் பாருங்கள்.

அவர்கள் நிரபராதி, நம் பிள்ளைகள் பல நேரங்களில் அப்படி இல்லை. ஆனாலும் வரிசை ஒன்றுதான். பெயரில் உள்ள கறையை முறையாகத் தீர்த்துவிட்டுப் பொறுப்புக்குப் போவது. தவறு செய்தவனுக்கு அந்தத் தீர்வு தவ்பாவில் தொடங்குகிறது. தவ்பாவின் நிபந்தனைகளை இமாம் நவவீ (ரஹ்) எடுத்துச் சொல்லும்போது, பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது ஆகிய மூன்றோடு, அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுப்பதையும் சேர்க்கிறார்கள். அடிபட்டவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பது, உடைத்ததற்கு ஈடு கொடுப்பது, திருடியதைத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் அதில் வரும். பல வழக்குகளில் சமரசத்துக்கு வழி திறப்பதும் இதே செயல்தான். ஆனால் நம்மில் சிலர் மன்னிப்புக் கேட்கப் போகிறோம் என்று பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் மிரட்டிவிட்டு வருகிறார்கள். அது தவ்பாவும் ஆகாது. சட்டப்படி இன்னொரு வழக்குக்குத்தான் வழி வகுக்கும்.

மறைப்பதும் பொய் சொல்வதும்

“பாவத்தை மறைக்கத்தானே மார்க்கம் சொல்கிறது? அப்படியிருக்க ஏன் படிவத்தில் எழுத வேண்டும்?” என்று ஒரு வாலிபர் கேட்டால், அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. தன் பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, அதைத் தானே ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிவதை மார்க்கம் கண்டிக்கிறது, அது உண்மை. விருந்தில் உறவினர் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. கேட்கப்படாத இடத்தில் வலியப் போய் எழுதவும் வேண்டாம். ஆனால் கேட்க உரிமை உள்ள ஓர் அமைப்பு எழுத்தில் கேட்டு, “மேற்கண்டவை உண்மை” என்று கையொப்பமும் வாங்கும்போது, அங்கே எழுதும் பொய் பாவத்தை மறைப்பதில் சேராது. அது பொய்ச் சாட்சியம்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர் வழக்கு விவரத்தை மறைப்பது பற்றி விரிவான நெறிகளை வகுத்தது. விவரம் உண்மையாக இருக்க வேண்டும். இளம் வயதில் நடந்த அற்பமான வழக்கு என்றால் மறைத்ததைக்கூட நிர்வாகம் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னாலும் நிர்வாகம் அதை எடைபோட்டுப் பார்க்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். அது வேலை பற்றிய தீர்ப்புத்தான். ஆனால் மருத்துவம் படிப்பவர் நாளை அரசு மருத்துவர் பணிக்குப் போகும்போது காவல்துறைச் சரிபார்ப்பு வரும். அன்று சொல்வதும் இன்று சொன்னதும் ஒத்துப்போக வேண்டும்.

பொய்யான தாளால் உள்ளே போனவர்களின் கதையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் வியாபம் ஊழலில் முறைகேடாக மருத்துவ இடம் பெற்ற 634 பேரின் சேர்க்கையை 2017-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்களில் பலர் படிப்பையே முடித்துவிட்டவர்கள். ஐந்தாறு வருட உழைப்பு ஒரு தீர்ப்பில் போயிற்று. 2019-ல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிவந்த நீட் ஆள்மாறாட்ட விவகாரம் நம் மாநிலத்துக்கே தலைகுனிவு. அதில் பெற்றோர்களும் கைதானார்கள். “பேப்பரெல்லாம் சரி பண்ணிடலாம்” என்று சொல்லும் மனிதர் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் இதுதான்.

ஸ்வீடனில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கக்கூடியது. கொலைக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்த ஒருவர் 2007-ல் அந்நாட்டின் புகழ்பெற்ற கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விஷயம் வெளியே தெரிந்து பெரும் விவாதம் எழுந்தது. 2008 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். நீக்கியதற்குக் காட்டிய காரணம், பள்ளிச் சான்றிதழைத் திருத்தியிருந்தார் என்பது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நம் பக்கத்து மாநிலத்தில் ஒருவர் இருக்கிறார். கர்நாடகத்தின் கலபுரகியில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்த மாணவர் 2002-ல் கொலை வழக்கில் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார். சிறை மருத்துவமனையில் பணி செய்தார். நன்னடத்தைக்காக 2016-ல் விடுதலையாகி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, 2019-ல் பட்டப் படிப்பையும் அடுத்த ஆண்டு பயிற்சியையும் முடித்தார். ஊருக்கே தெரிந்த குற்றம், நாளிதழ்களில் வந்த தண்டனை. எதையும் அவர் மறைக்க முடியாது, மறைக்கவும் இல்லை. அமெரிக்காவின் நியூவார்க் நகரில் சிறுவயதில் ஆயுதக் கொள்ளை வழக்கில் சிக்கிய சாம்ப்சன் டேவிஸ், பின்னாளில் அவசர சிகிச்சை மருத்துவராகித் தன் கதையைத் தானே நண்பர்களோடு சேர்ந்து புத்தகமாக எழுதினார். நமக்கு இவர்களெல்லாம் புதியவர்கள் அல்லர். வழிப்பறிக் கொள்ளைக்காரராக இருந்து, பின்னர் ‘ஹரமைன்களின் வணக்கசாலி’ என்று அழைக்கப்பட்ட ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களின் பெயரைச் சொல்லித்தான் நம் மேடைகளில் பயான் செய்கிறோம். ஆனால் அதே மஹல்லாவில் ஒரு பையன் ஜாமீனில் வந்து பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பில் நின்றால் பக்கத்தில் நிற்கத் தயங்குகிறோம்.

போதை வழக்காக இருந்தால்

கஞ்சா, மாத்திரை வழக்குகளை மற்றவற்றோடு சேர்த்துப் பேச நமக்கு மனமில்லை. இதில் சட்டத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மருத்துவர் என்பவர் வலி நிவாரணி அலமாரியின் சாவியைக் கையில் வைத்திருப்பவர். தூக்கமில்லாத இரவுப் பணி, மன அழுத்தம், கைக்கெட்டும் தூரத்தில் மருந்து. பழக்கத்திலிருந்து முழுதாக விடுபடாத ஒருவரை அங்கே அனுப்புவது அவருக்கும் நோயாளிக்கும் அநியாயம். எனவே சிகிச்சை முதலில், நீட் பிறகு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் குறைந்த அளவு வைத்திருந்து சிக்கிய அடிமையைத் தண்டிப்பதற்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது 39-வது பிரிவு. தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கும் 64-ஏ பிரிவும் உண்டு. வழக்கறிஞரிடம் இவ்விரண்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். பிள்ளை ஓராண்டாவது சுத்தமாக இருந்து, தொழுகையும் தூக்கமும் சீரான பிறகு புத்தகத்தைக் கையில் கொடுங்கள். ஒரு வருடம் போய்விடுமே என்று பதறாதீர்கள். உச்ச வயது வரம்பு இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

எல்லோரும் டாக்டராகத்தான் வேண்டுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்திருக்கிறார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹின் தர்க்கங்களைப் படிக்கவே கூடுகிறார்கள் என்று அன்றே குறைபட்டுக்கொண்டார்கள். எனவே திருந்திய வாலிபர் ஒருவர் மருத்துவத்துக்கு ஆசைப்பட்டால் அது உயர்ந்த ஆசைதான். ஆனால் அந்த ஆசை அவருடையதா, ஊர் முன் இழந்த கௌரவத்தை மீட்கத் துடிக்கும் குடும்பத்தினுடையதா என்று பார்க்க வேண்டும். “கேஸ் போட்டவன் முன்னாடி டாக்டராக் காட்டணும்” என்ற வீம்பு முதலாண்டு உடற்கூறியல் தேர்வுக்குள்ளேயே தீர்ந்துபோகும்.

மூன்று முறை முழு உழைப்போடு எழுதியும் மதிப்பெண் நகரவில்லை என்றால், செவிலியம், இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம் போன்றவற்றுக்குத் திரும்புவதில் தோல்வி எதுவும் இல்லை. நம் பிள்ளைகள் கவனிக்காமல் விடும் இன்னொரு வாய்ப்பு யூனானி. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் நீட் தகுதி வேண்டும்; கூடவே உருது, அரபு, ஃபார்ஸி ஆகியவற்றில் ஒன்றைப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மத்ரஸாவில் சில ஆண்டுகள் ஓதிவிட்டு இடையில் வந்துவிட்ட பிள்ளைக்கு, வீணானதாக நினைத்த அந்த ஆண்டுகள் இங்கே கைகொடுக்கலாம். தன்னிடம் உள்ள மொழிச் சான்று செல்லுமா என்பதைச் சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வார்த்தை. பல ஊர்களில் பைத்துல்மாலிலிருந்து கல்வி உதவி கொடுக்கிறோம். அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு மேடையில் பரிசும் கொடுக்கிறோம். வழக்கறிஞர் கட்டணம் கட்ட முடியாமல் வாய்தா தவறி பிடிவாரண்ட் வாங்கும் பிள்ளைக்கும் அந்த நிதியில் பங்கு உண்டு. மஹல்லாவில் உள்ள வழக்கறிஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு அஸருக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், குற்ற எண்ணும் வழக்கின் நிலையும் தெரியாமல் எந்தக் குடும்பமும் இருக்காது.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். நீட் தேர்வு வழக்கமாக மே மாத முதல் ஞாயிறு நடக்கிறது. விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடும். நீதிமன்ற நகல் ஒன்று கிடைக்கச் சில வாரங்கள், வழக்கு சமரசமாகச் சில மாதங்கள், உயர்நீதிமன்ற மனு முடிவாக அதற்கும் மேல் ஆகலாம். இந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வழக்கறிஞரைப் பார்த்துவிடும் குடும்பத்துக்கு அடுத்த கலந்தாய்வுக்குள் கையில் ஒரு தீர்ப்பு இருக்க வாய்ப்புண்டு. பிப்ரவரி வரை தள்ளிப்போட்டவர்கள், பிள்ளை ஒருபக்கம் படித்துக்கொண்டிருக்க மறுபக்கம் வாய்தாவுக்கும் அவனை அனுப்ப வேண்டியிருக்கும்.